தர்மபுரி போர் தண்ணீரில் மாடித்தோட்டம்: எந்த உரம் போடலாம் என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி டவுனில் 10க்கு 15 அடி மொட்டை மாடி. சித்திரையில் 20 பை கொண்ட கிட் வாங்கி, கூடவே வந்த தென்னைநார்க் கட்டியை நனைத்து நிரப்பி, தக்காளி, கத்தரி, மிளகாய் நட்டிருக்கிறீர்கள். ஊற்றியது போர் தண்ணீர். ஒரு மாதத்துக்குள் இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, பாதிக்கு மேல் செத்துவிட்டன. வாரம் ஒரு தடவை ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லம் கலந்து நொதிக்கவைத்த கரைசல்) ஊற்றியும் தேறவில்லை. ஆடியில் மறுபடி ஆரம்பிக்கப் போகிறீர்கள், எந்த இயற்கை உரம் போட்டால் செடி நிற்கும் என்பது கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், போன தடவை செடிகள் எதனால் செத்தன என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எந்த உரம் வாங்கினாலும் இதே கதைதான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் காரணம் தண்ணீர், இரண்டாவது நட்ட மாதம், மூன்றாவதுதான் உரம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் மாடித்தோட்டப் பயிற்சி கொடுக்கும் அனுபவத்தில் சொல்கிறேன், இங்கே பெரும்பாலான மாடிகளில் வரிசை இதுதான்.

நம் பக்கம் போர் தண்ணீர் பாறை வெடிப்புகளில் தேங்கி நிற்கும் தண்ணீர். அதில் சுண்ணாம்புச் சத்தும் மற்ற உப்புகளும் கரைந்திருக்கும். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதே படிவு பைக்குள்ளும் சேர்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, மில்லிகிராமில்) 1000 என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. வெயில் காலத்தில் ஒரு பைக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 45 கிராம். செடி தண்ணீரைத்தான் குடிக்கும், உப்பில் பெரும்பகுதியை விட்டுவிடும். வயலில் மழை வந்து அதைக் கீழே இறக்கிவிடும். 18 லிட்டர் பையில், அடியில் ஒழுகாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது, உப்பு போக வழியே இல்லை. மாடி ஈரமாகிறது என்று அளந்து ஊற்றுபவர்களின் செடிதான் முதலில் கருகும்.

அதனால் முதல் செலவு உரத்துக்கு வேண்டாம், ஒரு பேனா அளவு டிடிஎஸ் மீட்டருக்குப் போகட்டும். 450க்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 450 முதல் 2000 வரை என்றால் பார்த்துப் பயன்படுத்தலாம். 2000க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் பையில் காய்கறி வைக்காதீர்கள். இந்த வரம்புகள் பாசன நீருக்கென்று உலக அளவில் ஏற்றுக்கொண்டவை. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள், அது உப்பைச் செறிவாக்கிய தண்ணீர். வீட்டைத் துடைக்கப் பயன்படுத்துங்கள், பைக்கு வேண்டாம்.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று மழைநீர். உங்கள் 150 சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போக சுமார் 300 லிட்டர் கிடைக்கும். ஒரு 200 லிட்டர் டிரம்மை மழைக்குழாயின் அடியில் வைத்து, முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள். வாயில் கொசுவலை கட்ட மறக்க வேண்டாம். அதைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே டிடிஎஸ் பாதியாக இறங்கும். இன்னொன்று, 15 நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு பைக்கும் வழக்கத்தைவிட மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக, இரண்டு தவணையாக ஊற்றி, அடியில் நன்றாக ஒழுகவிடுவது. முடிந்தால் இதற்கு மழைநீர். உரம் கொடுப்பதாக இருந்தால் இப்படிக் கழுவிய மறுநாள் கொடுங்கள், முந்தைய நாள் கொடுத்தால் அதுவும் சேர்ந்து ஒழுகிவிடும்.

தர்மபுரியில் தண்ணீர் என்றால், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றிய பேச்சு வராமல் இருக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். குடிக்கும் தண்ணீர், சமைக்கும் தண்ணீர் வழியாகத்தான் ஃபுளோரைடு உடம்புக்குள் முக்கியமாகப் போகிறது, கொதிக்க வைத்தாலும் போகாது. இதில் சந்தேகமே இல்லை. செடிகள் ஓரளவு உறிஞ்சுகின்றன, பொதுவாகக் காயைவிட இலையில் அதிகம். எவ்வளவு என்பது தண்ணீர், மண், பயிர் மூன்றையும் பொறுத்து மாறும், ஒரே எண்ணாகச் சொல்வது சரியாக இருக்காது. பிடித்து வைக்கும் மழைநீரைக் கீரைத் தொட்டிக்கு முதலில் ஒதுக்குங்கள் என்பது என் யோசனை.

அடுத்து அந்த தென்னைநார்க் கட்டி. 5 கிலோ கட்டி 20 முதல் 25 லிட்டர் தண்ணீரைக் குடித்து 60, 70 லிட்டராக உப்பும். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், மண்ணை இலகுவாக வைத்திருக்கும், அவ்வளவுதான். சாம்பல் சத்து (பொட்டாசியம்) கொஞ்சம் உண்டு, தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லாத மாதிரிதான். கழுவாத நாரில் உப்பும் இருக்கும். நீங்கள் அதை மட்டுமே நிரப்பி, போர் தண்ணீரில் நனைத்து, அதிலேயே நாற்று நட்டிருந்தால் செடிக்குச் சோறு இல்லை, உப்பு மட்டும் இருந்திருக்கிறது. நாரை எப்போதும் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தடவை தண்ணீர் மாற்றுங்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீரின் டிடிஎஸ், நீங்கள் ஊற்றிய தண்ணீரைவிட 200, 300க்கு மேல் கூடாமல் இருந்தால் போதும்.

மாதத்தைப் பற்றி. தக்காளிக்குப் பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் பூ உதிரும், காய் பிடிக்காது. தர்மபுரியில் சித்திரை, வைகாசி அப்படித்தான். அதோடு கான்கிரீட் தளத்தில் உட்கார்ந்திருக்கும் பையில் வேர் கொதித்துப் போகும். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விளைகிறதே என்று கேட்பீர்கள். அது நிலம், வேர் இறங்க ஆழமான மண் இருக்கிறது. ஓசூர், தளிப் பக்கம் சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே பீன்ஸ், கோஸ், கேரட் எல்லாம் பையில் நன்றாக வரும். ஓசூர்க்காரர்கள் சொல்லும் அட்டவணையைத் தர்மபுரி மாடியில் அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான். உங்களுக்கு ஆடி சரியான தொடக்கம். பங்குனி முதல் வைகாசி வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், குறிப்பாக மேற்கு வெயில் அடிக்கும் பக்கம். மற்ற மாதங்களில் வலையைச் சுருட்டிவிடுங்கள். வருஷம் முழுக்க வலைக்குள் இருக்கும் கத்தரி உயரமாக வளரும், காய்க்காது.

இலை மஞ்சளானால் சத்துக்குறை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எந்த இலை, எந்த இடம் என்று பார்த்தால்தான் காரணம் தெரியும். அடி இலை முதலில் முழுதாக வெளிறி, மேலே போகப் போகப் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. நுனிக் குருத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீரால் காரத்தன்மை ஏறி வேரால் எடுக்க முடியாமல் போயிருக்கும். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் காய்ந்து, பையின் மேல்மண்ணில் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பு. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் வேர் அழுகல், அப்போது தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் சாகும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். நீங்கள் சொன்ன ஓரக் கருகல் உப்பைத்தான் காட்டுகிறது. கூடவே நார் மட்டும் நிரப்பிய பையில் தழைச்சத்துக் குறைவும் இருந்தே தீரும். படம் பார்க்காமல் சொல்வதால் முதலாவதை உறுதியாகவும், இரண்டாவதை அநேகமாக என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குருத்து மஞ்சளுக்கு ஒரு லிட்டர் மழைநீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளித்தால், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையில் தெளியும். அன்னபேதி இயற்கை முறையில் சேருமா என்று கேட்பவர்கள் உண்டு. குறைபாடு இருப்பது தெரிந்தால் நுண்ணூட்டம் கொடுக்க அங்ககச் சான்றளிப்பு விதிகளிலேயே கட்டுப்பாட்டோடு இடம் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் முடிவு உங்களுடையது. ஆனால் இந்தத் தண்ணீர் உள்ள இடத்தில் அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் பைக்குள் போடாதீர்கள், காரத்தை இன்னும் ஏற்றிவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் தக்காளியின் அடிப்பக்கக் கறுப்பு போகும் என்பதும் இங்கே பொருந்தாது. நம் தண்ணீரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. ஒரே சீராகத் தண்ணீர் கொடுத்தால் அடுத்த காய்கள் சரியாக வரும்.

இப்போது பை. 20 வேண்டாம், 6 பையில் ஆரம்பியுங்கள். 12க்கு 12 அங்குலப் பையை மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் பிடிக்கும், நனைந்தபின் 18 முதல் 20 கிலோ. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு ஒரு பைக்கு ஒரு செடி. இரண்டு வைத்தால் இரண்டும் பாதி காய்க்கும். கீரைக்கு அகலம்தான் முக்கியம், 2 அடிக்கு 1 அடி, 9 அங்குல ஆழம் உள்ள தொட்டி போதும். நிறையப் பைகளில் ஓட்டை பக்கவாட்டில்தான் இருக்கும், அடியோரத்தில் ஐந்தாறு ஓட்டை நீங்களே போடுங்கள். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது தவறு. ஜல்லிக்கு மேலே உள்ள மண் நிறைந்த பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும், வேருக்கான இடம்தான் குறையும். பையை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். காற்று போகும், தளச்சூடு ஏறாது, தளத்திலும் ஈரம் தேங்காது.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆள் நடமாடும் கான்கிரீட் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரம் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சதுர மீட்டருக்கு நான்கு பை என்றால் 80 கிலோ, வரம்புக்குள்தான். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கல்பலகை போட்ட கூரையோ மெட்ராஸ் டெரஸோ (மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கூரை) இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, கட்டட விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வையுங்கள். எந்த வீடானாலும் பையை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர் ஓரமாகவும் பீம் போகும் வரிசையிலும் பரப்பி வைப்பது நல்லது.

கலவைக்கு, ஒரு பைக்குச் செம்மண் 6 லிட்டர், நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ 6 லிட்டர், கழுவிய நார் 5 லிட்டர், வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம். எருவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கையில் அள்ளினால் சாணி வாடை அடிக்கக் கூடாது, உருண்டை பிடித்தால் உதிர வேண்டும், சாணியின் பழைய உருவம் தெரியக் கூடாது. சலித்துப் போடுங்கள். சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழு இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள், பைக்குள் போனால் வேரைத் தின்றுவிடும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் வீட்டுக் கழிவு இங்கே எளிதாகக் கிடைக்கும். சத்தானதுதான், ஆனால் படுக்கையில் சுண்ணாம்பு தூவியிருப்பார்கள். தனியாக மக்கவைத்து, எருவோடு எருவாகக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். கலந்து நிரப்பிய பையை ஈரமாக வைத்துப் பத்துப் பதினைந்து நாள் காத்திருங்கள். பிண்ணாக்கு நொதிக்கும் சூடு அடங்காமல் விதைத்தால் முளைப்பு கெடும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா பற்றி நேராகச் சொல்ல வேண்டும். இவற்றில் நுண்ணுயிர் பெருகுகிறது என்பது உறுதி. ஒரு லிட்டரில் இருக்கும் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து மிகக் குறைவு என்பதும் உறுதி. விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதில் வயலுக்கு வயல் முடிவு மாறுகிறது. நல்ல எரு இருக்கும் மண்ணில் உதவும், வெறும் நாரில் ஊற்றினால் அந்த நுண்ணுயிருக்கே தின்ன ஒன்றுமில்லை. ஆகவே ஊற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை, எருவுக்கு மாற்றாக எண்ண வேண்டாம். 10 லிட்டர் தண்ணீருக்குச் சாணி அரை கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், பயறு மாவு 100 கிராம், ஒரு பிடி மண். நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கி, இரண்டு நாள் கழித்துப் பத்து மடங்கு தண்ணீரில் பைக்கு அரை லிட்டர். பஞ்சகவ்யா தெளிக்க லிட்டருக்கு 30 மில்லி. தழைச்சத்து உண்மையாகவே வேண்டுமென்றால் செக்கில் கிடைக்கும் கடலைப் பிண்ணாக்குதான் வலுவானது. 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர்த்து, 15 நாளுக்கு ஒரு தடவை பைக்கு அரை லிட்டர். பூ விடும் நேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இலையாகத் தழைத்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்து உட்காரும்.

என்ன விதைப்பது? தண்ணீரின் உப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி உப்பைத் தாங்காது. காராமணி, பீட்ரூட் நன்றாகத் தாங்கும், தக்காளி ஓரளவு தாங்கும், கத்தரி அந்த அளவுக்குத் தாங்காது. முதல் ஆறில் இரண்டு கீரைத் தொட்டி, இரண்டு வெண்டை, ஒரு காராமணி, ஒரு கத்தரி என்று வைத்தால் ஒன்றில்லாவிட்டால் ஒன்று கைகொடுக்கும். சிறுகீரை, அரைக்கீரை விதையை ஒரு தொட்டிக்கு இரண்டு கிராம் அளவு எடுத்து மணலோடு கலந்து தூவி, விரலால் லேசாகக் கிளறிவிட்டால் போதும், ஆழம் போனால் முளைக்காது. எறும்பு விதையைத் தூக்கிப் போகும். தொட்டியைச் சுற்றி அரிசி நொய் தூவி வைப்பது வழக்கம், எறும்பு அங்கேயே நின்றுவிடும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும், 25 நாளில் சிறுகீரையைப் பிடுங்கலாம். வெண்டை விதையை எட்டு மணி நேரம் ஊறவைத்து நேராகப் பையில் ஊன்றுங்கள், 45 நாளில் முதல் காய். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்துவிட வேண்டும், முற்றவிட்டால் செடி பூப்பதை நிறுத்திவிடும். கத்தரியை நாற்றுவிட்டு 30, 35 நாளில் மாலை வேளையில் பிடுங்கி நடுங்கள். கைப்பிடிச் சுவரில் இடம் இருந்தால் ஆடியில் கொடி அவரை இரண்டு விதை ஊன்றுங்கள். நாட்டு அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும், கார்த்திகைவரை வெறும் கொடியாகத்தான் இருக்கும், காய்க்கவில்லையே என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கும்போதும் நம் தண்ணீர் குறுக்கே வரும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், அதைக் கரைக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல் என்பது பொது அளவு. சுண்ணாம்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், எண்ணெய் தனியே மிதக்கும், கடைசியில் வெறும் எண்ணெய் இலையில் பட்டுச் சுட்டுவிடும். மழைநீரில் கலக்குங்கள். அது இல்லாவிட்டால் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், அது திரியாது. கலந்தது பால்போல வெளுத்து நிற்க வேண்டும். வெயில் இறங்கியபின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு தடவை. மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ இதில் அடங்கும். வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது, புளித்த மோர் தெளித்தாலும் குணமாகாது. அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.

விதை, நாற்று, பயிற்சி பற்றிக் கேட்க உங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி நிலையமும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. தண்ணீரை ஒரு தடவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

செத்த செடியோடு மாடியில் கிடக்கும் அந்த 20 பைகளையும் தூக்கி எறிய வேண்டாம். தண்டையும் பழைய வேரையும் எடுத்துவிட்டு, நாரை ஒரு தார்ப்பாயில் கொட்டி உதிர்த்து, ஆனி மழையில் இரண்டு மூன்று தடவை நனைந்து வடியவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அதே அளவு மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து மீட்டரில் பாருங்கள். 500க்குக் கீழே வந்துவிட்டால் மேலே சொன்ன கலவையில் நாரின் பங்காக அதையே சேர்க்கலாம், புதுக் கட்டி வாங்க வேண்டியதில்லை. வேர் அழுகி நாற்றமடித்த பை ஏதாவது இருந்தால் அதிலிருப்பதை மட்டும் காய்கறிக்குச் சேர்க்காமல் தென்னைக்கோ வாழைக்கோ கொட்டிவிடுங்கள்.